கழுவுதொட்டியில் ஓர் ஊர்

க்யூர்பீப்பில் மழை
விருந்தாளி இல்லை,
வாடகை தராத குடித்தனக்காரி.
போன புயலில் பக்கத்து வீட்டுத் தகரம் பறந்து வந்து
கீறல் விட்ட கழுவுதொட்டியைக்
கொல்லையில் போட்டிருந்தோம்.
மூன்றே மாதத்தில் பாசி பிடித்து
அதுவாகவே ஓர் ஊராகிவிட்டது.
ஊர் இருந்தால் வீடு வேண்டாமா?

எனக்குத் தோட்டம் தெரியாது.
தெரிந்ததெல்லாம் கயிறு.
பதினொரு வருஷமாக
மரக்கப்பல் பட்டறையில் பாய்மரம் கட்டுகிறேன்.
நூலைத் தேன்மெழுகில் இழுத்து, ஊசியில் கோத்து,
ஒரு கப்பலின் நூலேணிகளுக்கு
ஆயிரத்துச் சொச்சம் முடிச்சு.
அந்த ஏணிகளில் இதுவரை ஒருத்தரும் ஏறியதில்லை.
கண்ணாடிப் பெட்டிக்குள் போய்
யாரோ வக்கீல் வீட்டுக் கூடத்தில்
நங்கூரம் போட்டுவிடும் கப்பல்.

கோணலாகிப்போன ஏணி ஒன்றைக்
கைப்பையில் கொண்டுவந்து
தொட்டியின் விளிம்பில் கட்டினேன்.
ஏறி இறங்க
அதற்கும் ஒரு சுவர் கிடைத்தது.

பிறகு கேட்க வேண்டுமா.
நாத்தனார் சிவகாமி, குரோஷேப் பைத்தியம்,
சுண்டுவிரல் படுக்கிற அளவுக்கு
ஒரு தூளி பின்னினாள்.
அவள் அண்ணன், என் வீட்டுக்காரர்,
கைக்கடிகாரங்களைக் கழற்றிப் பார்ப்பவர்
(திரும்ப மாட்டியதாகச் சரித்திரம் இல்லை),
உதிரிப் பற்சக்கரத்தைக்
கிணற்று ராட்டினம் ஆக்கினார்.
பட்டறையில் என் பக்கத்து நாற்காலி மரி-ஆஞ்ஜ்,
ஞாயிறானால் கேக் அலங்கரிப்பவள்,
சர்க்கரையில் செம்பருத்தி செய்து அனுப்பினாள்.
ஒரே ராத்திரியில் எறும்புகள்
ஊருக்கே பட்டா வாங்கிக்கொண்டன.
அடுத்த முறை களிமண்ணில் செய்தாள்,
கொஞ்சம் கோபமாக.

சண்டை வந்தது அளவில்தான்.
என் ஏணி எழுபத்தைந்தில் ஒரு பங்கு.
சிவகாமியின் தூளி இருபத்துநாலில் ஒரு பங்கு.
"ஏணியில் ஏறுகிறவள் தூளியில் தொலைந்துபோவாள்,
தூளியில் படுக்கிறவள் கால் வைத்தால்
ஏணி தாங்காது" என்றேன்.
"தேவதையை யார் டேப் வைத்து அளந்தது?" என்றாள்.
பட்டறையில் அரை மில்லிமீட்டர் பிசகினால்
முழுப் பாய்மரத்தையும் அவிழ்க்கச் சொல்வார்கள்.
அதே கையோடு வீட்டுக்கு வந்து
ஒரு பிசகைப் பிசகாகவே விட்டுவைக்க
எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

தேவதை வாங்கவில்லை.
ரோஸ்ஹில் கடையில் இருந்தாள்.
பிளாஸ்டிக், மஞ்சள் கூந்தல், நூற்றெண்பது ரூபாய்,
முகத்தில் எங்கள் தெருவில் யாருடைய சாடையும் இல்லை.
சிவகாமி எடுத்தாள், விலை பார்த்தாள்,
பார்த்த இடத்திலேயே வைத்தாள்.
"வருகிறவள் வரட்டும்."

வந்தது தைப்பூசத்துக்கு முந்தின வாரம்,
வீடு விரதத்தில் இருந்தபோது.
நீலவால் பல்லி.
பச்சை உடம்பு, முதுகில் சிதறிய குங்குமம்,
வால் மட்டும் கடலில் தோய்த்து எடுத்தது.
என் ஏணியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை,
பக்கத்திலேயே வெறும் சுவரில் ஏறியது.
தூளியை ஒருதரம் நக்கிப் பார்த்தது.
செம்பருத்தியிடம் கொஞ்சநேரம் நின்று
ஏமாந்துபோனது.
கடைசியில்,
உடைந்த கப்பலின் அடிவயிற்றைக் கவிழ்த்து
நான் செய்திருந்த வீட்டுக்குள்
முகவரி தெரிந்ததுபோல் நுழைந்தது.

பல்லி விழும் பலன் பஞ்சாங்கத்தில் உண்டு,
பல்லி சொல்லும் பலனும் உண்டு.
பல்லி குடிவரும் பலனை
வீட்டுக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு
இன்னும் தேடுகிறார்.

நேற்று குனிந்து பார்த்தேன்.
உத்தரத்தில் ஒட்டி, ஒன்றோடொன்று சாய்ந்து,
இரண்டு வெள்ளை முட்டை.
பழக்கதோஷம், ஸ்கேலை எடுத்து
தொடாமல் கிட்டே பிடித்தேன்.
ஒன்றுக்கு ஒன்று.

மழை பிடித்துக்கொண்டது.
கப்பலைக் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக
இன்னும் கொஞ்சம் சாய்த்து வைத்தேன்.