மிளகாய் உப்பு

வெள்ளவத்தை ஃபிளாட்டில் லிஃப்ட் பழுது.
நாலாம் மாடிக்குக் கால் அகட்டி ஏறுகிறேன்.
எதிரே இறங்கும் மிஸிஸ் செல்வநாயகி
ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷி.

நக்கிள்ஸில் காலையில் மழை.
நனைந்த டெனிம் உள்தொடையைத்
தேங்காயாய் நினைத்துத் திருவ,
பாணுக்குக் கொண்டுபோன மாஜரினை
மரத்துக்குப் பின்னால் நின்று பூசினேன்.
"வழுக்குதா?" என்று கத்தினான் ரொஷாந்தன்.
வழுக்கியது.
இரண்டு மைல் வரை.

பிறகு அட்டை.
எல்லாரும் உப்புத் தேட
என் பையின் அடியில் கிடந்தது
காலிமுகத்திடலில் அம்பரெல்லாவோடு தந்த
மிளகாய் உப்புச் சரை.
அட்டை சுருண்டு விழுந்தது.
நான் ஒற்றைக் காலில் துள்ளினேன்.

ஃபஸ்லியா
போத்தலில் மிச்சமிருந்த ஆறிய பிளேன்டீயைக்
கணுக்காலில் ஊற்றினாள்,
ஊற்றிக்கொண்டே ஊதினாள்.
மூன்று வருஷமாய்ப் பக்கத்து மேசை.
ஈமெயிலில் என் பெயரை
இன்னும் பிழையாகத்தான் எழுதுகிறாள்.

குளியலறையில்
சவர்க்காரம் பட்ட இடமெல்லாம் எரிகிறது.
ஜன்னலுக்கு வெளியே
மருதானைப் பக்கம் போகும் கடைசி ரயில்.
கணுக்காலில் மட்டும்
சீனி இன்னும் பிசுபிசுக்கிறது.
அந்த இடத்தைக்
கடைசியாகக் கழுவலாம்.