அபராதம் இல்லாத வாரம்

வெருலம் நூலகத்தில் ஆண்டுக்கொருமுறை
மன்னிப்பு வாரம்.
எத்தனை நாள் தாமதமென்று கேட்கமாட்டோம்.
வாசலில் வாழைப்பழப் பெட்டியொன்று வைப்போம்.
முகம் காட்டாமலே போட்டுவிட்டுப் போகலாம்.

திங்களன்று வந்தவை பெரும்பாலும் சமையல் புத்தகங்கள்,
ஆட்டுக்கறிப் பக்கத்தில் மட்டும் மஞ்சள் கறையோடு.
செவ்வாயன்று ஓட்டுநர் தேர்வுக் கையேடு பதினொன்று.
நாய் கடித்த பறவைப் புத்தகத்தை
நாயையும் சாட்சிக்குக் கூட்டிவந்து கொடுத்தாள்
மூன்றாம் வகுப்பு அயண்டா.

புதன்கிழமை மின்வெட்டு.
ஆறு கணினிகளும் ஒரே நேரத்தில் கண்மூடின.
வேலைக்கு விண்ணப்பம் பாதி அடித்திருந்த பையன்
கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
நோக்வாசி, எங்கள் தலைமை நூலகர்,
அவனைச் சன்னலோரம் உட்காரவைத்து
மீதியைக் கையால் எழுதவைத்தாள்.

அந்த அரையிருட்டில்தான் பூபாலன் வந்தார்.
பிளாஸ்டிக் பை, பைக்குள் செய்தித்தாள்,
தாளுக்குள்
வானொலி பழுதுபார்க்கும் நூல்.
முதல் பக்கத்து முத்திரை எங்களுடையதல்ல.
கடலோர ஊர் நூலகம்.
வெள்ளையர்க்கு மட்டும் என்று
பலகை தொங்கிய நாளின் ஊதா மை.

"அறுபத்தெட்டில் எடுத்தது."
யார் பெயரில்?
"பெயர் ஏது? அக்கா அங்கே தரை துடைத்தாள்.
வாளியில் வைத்து, ஈரத்துணிக்கு அடியில்
கொண்டுவந்தாள்.
எனக்குப் பன்னிரண்டு வயது, வானொலிப் பைத்தியம்.
அவளுக்கு எழுத்துத் தெரியாது.
அட்டையில் வால்வு படம் இருந்ததாம்."

அந்த ஒரு நூலை வைத்து
நாற்பது வருடம் கடை நடத்தியிருக்கிறார்.

பெட்டியைக் காட்டினேன்.
போடுங்கள், கணக்குத் தீர்ந்தது என்றேன்.
அவர் போடவில்லை.
"இரவலே தராத புத்தகத்தை
எப்படித் திருப்பி வாங்குவீர்கள்?"

பதினேழு வருடமாக இந்த மேசையில் இருக்கிறேன்.
தொலைந்தது, கிழிந்தது, நனைந்தது,
எல்லாவற்றுக்கும் குறியீடு உண்டு.
இதற்கு இல்லை.

நோக்வாசி முத்திரையை விரலால் தடவினாள்.
"அப்படியானால் முதலில் இரவல் கொடுப்போம்.
அக்கா எங்கே?"

வண்டியில்.
உள்ளே வரமாட்டாளாம்,
கால்வலியாம்.

உறுப்பினர் படிவம், மைப்பெட்டி, தேதி முத்திரை
எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வெளியே போனேன்.
தையல்நாயகி கண்ணாடியை நாலு விரற்கடை இறக்கினார்.
"போலீசுக்குச் சொல்லியாச்சா?"

இல்லையம்மா, முகவரிக்குச் சான்று வேண்டும்.

கைப்பையிலிருந்து தண்ணீர் வரி ரசீது வந்தது,
பாக்கி இல்லாதது.
வண்டியின் முன்மூடிதான் மேசை.
வெயிலில் சுட்ட தகரத்தின்மேல்
பேரை மட்டும் எழுதத் தெரிந்த கை
பேரை எழுதியது.
தேதியைக் குத்தினேன்.
ஐம்பத்தைந்து வருடத்துக்கு அப்புறம்
அந்தப் புத்தகத்தை ஒருவர் முறைப்படி எடுத்துப்போகிறார்.

வியாழன்தோறும் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு உண்டு
என்று சொல்லிப் பார்த்தேன்.
காதில் விழாததுபோல்
சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

தவணை பதினான்கு நாள்.
பதினைந்தாம் நாள் வந்தார், தனியாக,
இந்த முறை உள்ளே.
ஸ்கும்புசோ அப்போதுதான் தரை துடைத்து முடித்திருந்தான்.
ஈரத்தை மிதிக்காமல்
சுவரோரமாகவே நடந்து மேசைக்கு வந்தார்.

மன்னிப்பு வாரம் முடிந்துபோயிருந்தது.
ஒரு நாள் தாமதம், ஒரு ராண்ட்.
பரவாயில்லையம்மா என்றேன்.
நாணயத்தை மேசைமேல் வைத்துத் தள்ளினார்.
ரசீது கேட்டார்.
எழுதிக் கொடுத்ததும்
வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்
தன் பேர் சரியாக இருக்கிறதா என்று
எழுத்து எழுத்தாகப் பார்த்தார்.