வளைகாப்புக்கு வராதவள் அனுப்பிய பை

ரூபவாணி,
உன் வளைகாப்பன்று எனக்கு இரவு ஷிப்ட்.
லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள்.
கேட்கவில்லை.
வந்திருந்தால், ஏழு வகைச் சோற்றுக்கு நடுவில்
வாய் தவறி எதையாவது சொல்லியிருப்பேன்.
உன் மாமியார் என்னை மன்னித்திருக்கமாட்டார்.

அதனால்தான் இந்தப் பை.
பாடாங் செராய் சந்தைக்கு எதிர்க்கடையில் வாங்கினேன்.
வளையல் இல்லை.
இருப்பதிலேயே பெரிய பேட், நான்கு பாக்கெட்.
மூக்கு நீண்ட பிளாஸ்டிக் போத்தல் ஒன்று.
மிளகாய் சாஸ் ஊற்றுகிற அதே போத்தல்தான்,
சிரிக்காதே.
தையல் போட்ட இடத்தில் முதல் சிறுநீர் படும்போது
வெதுவெதுப்பான தண்ணீரைக் கூடவே பீய்ச்சிக்கொள்.
எனக்கு யாரும் சொல்லவில்லை.
கூலிம் ஆஸ்பத்திரிக் கழிவறையில்
துண்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்,
வெளியே யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பால் அன்றைக்கே பெருகி வராது.
மூன்றாம் நாளோ நான்காம் நாளோ
மார்பு இரண்டும் கல்லாகிப்போகும்,
சட்டை உரசினாலே கண்ணில் நீர் முட்டும்.
கிளினிக் சுவரில் பாலூட்டியபடி சிரிக்கிறாளே ஒருத்தி,
அவள் கையிலிருப்பதற்கு ஆறு மாதமாவது இருக்கும்.
அவளை நம்பாதே.

ரத்தம் போகும். வாரக்கணக்கில் போகும்.
ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் நனைந்தால்
பத்தியம், தீட்டு, விடியட்டும்
எதையும் கேட்காதே.
நவீந்திரனை உதைத்து எழுப்பு.
கார்ச் சாவி எங்கே தொங்குகிறதென்று
இப்போதே பார்த்து வை.

இனி எழுதப்போவது
பையில் வைக்க முடியாதது.

ஒன்பதாம் நாள் மிஸ்ஸி வீட்டுக்கு வந்தார்.
பிள்ளையைத் துணித் தராசில் தொங்கவிட்டு நிறுத்தார்,
என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார்.
பத்துக் கேள்வி.
கடைசிக் கேள்வி, உன்னையே ஏதாவது
செய்துகொள்ளத் தோன்றியதா என்று.
இரண்டடி தள்ளி மாமியார் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.
உரிக்கிற சத்தம் நின்றது.
நான் 'தீடாக்' என்று போட்டேன்.
இல்லை.

முந்தின ராத்திரி
பின்கதவைத் திறந்து நின்றிருந்தேன், ரூபா.
எங்கள் வேலிக்கு அப்பால் செம்பனை தொடங்கும், உனக்குத் தெரியும்.
ஒரு நிரை போலவே அடுத்த நிரை,
அதைப் போலவே அதற்கடுத்தது.
பிள்ளையை அரிசி மூட்டைமேல் கிடத்திவிட்டு
உள்ளே நடந்துகொண்டே போனால்
எந்த நிரையில் தேடுவார்கள் என்று யோசித்தேன்.
அவள்மேல் கோபமில்லை.
எனக்குத் தூங்க வேண்டும், அவ்வளவுதான்,
என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மிஸ்ஸி தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார்.
தராசை மறந்துவிட்டார்.
மறந்தாரா, மறந்ததுபோல் போனாரா,
இன்றுவரை தெரியாது.
கேட்டிலிருந்து கூப்பிட்டார்:
அதைக் கொஞ்சம் கொண்டுவந்து தாம்மா.

கார்ப் பக்கத்தில், தாள் இல்லாமல்,
அதே கேள்வியை மறுபடி கேட்டார்.
தராசுத் துணியில் முகத்தைப் புதைத்து
தெருவே பார்க்க அழுதேன்.
அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போனதும் அவர்தான்.
மாத்திரை கொடுத்தார்கள், பேச ஆள் கொடுத்தார்கள்.
உடனே சரியாகிவிடவில்லை.
பிள்ளைக்கு நான்கு மாதமானபோது
ஒருநாள் ரொட்டிச்சானாய் ருசித்தது.
அன்றைக்குத்தான் தெரிந்தது,
அதுவரை எதுவும் ருசிக்கவில்லை என்று.

உனக்கு இப்படி வராமலே போகலாம்.
வந்தால், தாளில் உள்ளதை எழுது.
பூண்டு உரிக்கிறவர்கள் உரிக்கட்டும்.

எங்கள் ப்ரேக் ராத்திரி மூன்று மணிக்கு.
லாக்கரைத் திறந்ததும் போனைத்தான் பார்ப்பேன்.
அந்நேரத்துக்கு விழித்திருப்பவர்கள் இந்த ஊரில்
நாங்களும் பிள்ளை பெற்றவர்களும்தான்.
கூப்பிடு. பேச வேண்டுமென்றில்லை.
பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால் போதும்,
நான் மைலோ குடித்துக்கொண்டே கேட்டிருப்பேன்.

பிறகு, அந்தப் போத்தல்.
புதுசுதான்.
என்றாலும் ஒரு தரம் கொதிநீரில் கழுவிவிடு.
கடைக்காரரின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை.