ஐந்து டன்

ரயில் பாயும் மேடைக்குப் பின்னால்
சன்னல் இல்லாத கொட்டகை.
அதற்கு யாரும் டிக்கெட் வாங்குவதில்லை.
உள்ளே ஐந்து டன் இரும்புச் சக்கரம்
எங்கும் போகாமல் சுற்றுகிறது.

முதல் கோடையில் அது கிடையாது.
பனிக்கழுகு ஒவ்வொரு முறை பாயும்போதும்
ஹாபசாரி ஊரே ஒருதரம் கண் சிமிட்டும்.
ரௌஹாவின் பேக்கரியில் மாவு பிசையும் எந்திரம் தயங்கும்.
ஏரிக்கு அக்கரையில், தேவாலயத்தில்,
ஆர்கனுக்குக் காற்றூதும் மோட்டார் சோர்ந்து
தோத்திரம் அரைச் சுரம் இறங்கும்.
வாசிப்பவர் ஊர்ஹோ மறுநாளே வந்துவிட்டார்,
புகார் மனுவோடு அல்ல,
ஸ்டாப்வாட்ச்சோடு.
"இரண்டு நொடி" என்றார்.
"சரியாக ஆமென் மேல் விழுகிறது."

இரண்டு நொடிக்கு எட்டு மெகாவாட்.
மின் நிறுவனம் மூன்று சொல்லில் பதில் போட்டது:
கேட்டதைத் தர இயலாது.
அதன்பிறகுதான் சக்கரம் வந்தது.
ஒன்றரை நிமிடம்
ஊருக்குத் தெரியாத அளவில்
கம்பியிலிருந்து உறிஞ்சி
அதன் வேகத்துக்குள் போட்டுவைப்போம்.
பொத்தானை அழுத்தினால்
ஆயிரத்து ஐந்நூறு சுற்று ஆயிரத்து ஐம்பதாகச் சரியும்.
காணாமல்போன அந்த நானூற்றைம்பதுதான்
மேலே இருபது தொண்டைகளில் அலறலாக வெளிவருவது.
உச்சியிலிருந்து விழுவதற்கு
நான் ஒரு வாட்கூடத் தருவதில்லை.
அது பூமியின் செலவு.

ஆகஸ்ட் கடைசிச் சனி. புயல்.
ஊர் மொத்தமும் அணைந்தது.
டீசல் ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிப் படுத்துக்கொண்டது.
பனிக்கழுகு, நல்லவேளை, மேடையிலேயே நின்றிருந்தது.
ராட்சத ராட்டினம்தான்
இருபத்து நான்கு கூண்டுகளையும்
மழைக்குள் நீட்டிப் பிடித்தபடி.

கொட்டகைக்குள் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.
கரண்ட் போன செய்தி அதற்கு எட்டவில்லை.

நான் கேபிளை மாற்றிச் சொருகியதைப்
பாதுகாப்புக் கையேடு அனுமதிக்கவில்லை,
தடுக்கவும் இல்லை.
எழுதியவருக்குத் தோன்றியிராது.
மேடையில் சூலெவி கூண்டு எண்ணைச் சொல்ல,
வாக்கிடாக்கியில் நான் சுற்று எண்ணைச் சொன்னேன்.
ஐந்து இறங்கியாச்சு.
ஆயிரத்து முந்நூற்று நாற்பது.
பதினான்கு.
ஆயிரத்துக்குக் கீழே வந்துவிட்டது.
ஒரு குழந்தை ஷூவைத் தேடுகிறது.
ஷூ இருக்கட்டும், சூலெவி.
இருபத்து மூன்று.
நானூற்றி இருபது.
பிறகு அவன் கொஞ்சநேரம் பேசவில்லை.

கடைசிக் கூண்டிலிருந்து
தொப்பி சொட்டச் சொட்ட இறங்கியவர் ஊர்ஹோ.
"முடிவில் உங்கள் மோட்டார்
அரைச் சுரம் இறங்கிவிட்டது" என்றார்.
வேறெதுவும் சொல்லவில்லை.

கொட்டகைக்குத் திரும்பினேன்.
ஏழு வருடமாகக் கம்பிவலைக்கு இப்பால் நின்று
வெறும் மினுக்கமாகப் பார்த்தது
நின்றிருந்தது.
அதற்கு ஒரு விளிம்பு இருந்தது,
விளிம்பில் யாரோ சாக்பீஸால் போட்ட ஓர் அம்புக்குறி.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தொட்டேன்.
அச்சுப் பக்கம் கொதித்தது.
ஓரம் மட்டும் சில்லென்று,
ஏரித் தண்ணீர் போல.