லவுசி

மீட்டிங் முடிகிற நேரத்தில் பருளேக்கர் சொன்னார்:
லவுசி ரிப்போர்ட்.
என் காதில் லூசு என்றுதான் விழுந்தது.
தாராவியில் அதை
நாளைக்கு நாற்பது முறை கேட்கிறவள்,
பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தேரியில் ஆறு பதினேழு ஸ்லோ.
ஒற்றைக் காலில் நின்றபடி
போனில் அகராதியைத் திறந்தேன்.
எல்லுக்குப் பின் இரண்டு ஓ போட்டால் லூசு.
ஒரு ஓ, ஒரு யூ போட்டால்
மட்டமான, கேவலமான, உருப்படாத.
மழைக்குச் சொல்லலாம், மாப்பிள்ளைக்குச் சொல்லலாம்,
உடம்புக்கு முடியாத அன்று
தன்னைத்தானே சொல்லிக்கொள்ளலாம்.
அதற்கும் கீழே, பொடி எழுத்தில்,
சொல்லின் பிறந்த வீடு போட்டிருந்தது:
பேன்.
பேன் பிடித்த. பேன் நிறைந்த.

விலே பார்லே வந்ததும்
வலது காதுக்கு மேல் அரித்தது.

எந்தக் குளிரில் எத்தனை கம்பளிக்குள்
சொறிந்து சொறிந்து ஒரு சனம்
இதைக் கண்டுபிடித்திருக்கும்.
பிறகு வெந்நீர் வந்திருக்கும், சோப்பு வந்திருக்கும்,
பேன் இறங்கிப் போயிருக்கும்.
சொல் மட்டும் இறங்காமல்
தலைக்குத் தலை தாவி, கப்பல் ஏறி,
கடைசியில் என் எக்செல் ஷீட்டில்
வந்து உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு பொருளும் உண்டாம்:
மொய்க்கிற அளவுக்கு நிறைந்த.
பணத்தால் லவுசி என்பார்களாம் சிலரை.
அதைப் படிக்கும்போது பாந்த்ரா.
ஆத் சலா, ஆத் சலா என்று
ஏறின கூட்டத்தில் என் போன்
யாரோ ஒரு நர்ஸம்மா தோளில் போய் நின்றது.
பெட்டி முழுக்க நாங்கள்.
இந்தப் பக்கம் ஒரு முழங்கை, அந்தப் பக்கம் ஒரு டிபன்பை.
பாவம் வண்டி,
சொறிந்துகொள்ளக் கை இல்லாமல்
மாஹிம் வரை ஊர்ந்தது.

வீட்டில் ஜெஃப்ரினை
ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே குனியவைத்து
பேன்சீப்பை இழுத்தேன்.
பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்து மூன்று நாள்.
பழைய மராத்தி பேப்பரில் ஏழு விழுந்தன.
எட்டாவது ஓடியது,
ஷேர் மார்க்கெட் பக்கத்தின் மேலே.
இரண்டு கட்டைவிரல் நகத்துக்கு நடுவே
டப்.
"எம்மா, அது பெரிசு" என்றாள்.

ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவது
எங்கள் பக்கத்துப் பேச்சு.
நாங்களாவது பேனைப்
பெருமாள் வரைக்கும் உயர்த்தினோம்.
இவர்கள் வெறும் அடைமொழியாக்கி
அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

சிரிப்பு வந்தது. பிறகு, சும்மாதான்,
ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தேன்.
பதினான்காவது வரியில் ஒரு புள்ளி
இருக்கவேண்டிய இடம்விட்டு நகர்ந்திருந்தது.
ஈர் அளவுதான்.
மூன்று லட்சம் முப்பதாயிரமாகியிருந்தது.
அடுத்த வரியில் இன்னொன்று.

"இன்னும் எத்தனைம்மா இருக்கும்?"

தெரியலை.
தலையை ஆட்டாதே.