வில்மார் பெந்தாங்கோருக்கு, எதிரணியிலிருந்து

பதினோரு பருவங்கள்.
ஆட்டத்துக்குச் சராசரி இரண்டு புள்ளி.
அதிலும் பாதி, வழிதவறி வளையத்துக்குள் விழுந்தவை என்று
உன் பயிற்சியாளரே சிரிப்பார்.

லா தேஹாவில் உங்கள் அரங்குக்குத் தகரக் கூரை.
மழை வந்தால் நடுக்கோட்டருகே ஒழுகும்;
ஒரு பையன் துணியோடு ஓடிவருவான்.
அந்த ஈரத்தின் எல்லை உனக்கு அத்துப்படி.
என்னை அங்கேதான் கொண்டுபோவாய்,
மாட்டை விரட்டுவதுபோல் அல்ல,
வாசல்வரை வழியனுப்ப வருகிறவன்போல.

பந்து என் கைக்கு வருமுன்பே வந்து நிற்பாய்,
முதல் தேதிக் காலையில் வட்டிக்காரன் வருவதுபோல்.
பாதி மைதானம் போதும் உன் வேலைக்கு.
நீ முழுவதும் எடுத்துக்கொள்வாய்: இருபத்தெட்டு மீட்டர்.
உன் மூச்சில் மாத்தே இலையின் கசப்பு.
ஆட்டத்துக்கு முன் நகம் வெட்டிக்கொள்வாய்.
நடுவருக்குப் பயந்தல்ல;
கீறினால் தடம் இருக்கும்,
உனக்குத் தடம் பிடிக்காது.

உன்னை வெறுத்தேன், சொல்லிவிடுகிறேன்.
போசித்தோஸ் கடற்கரைப் பிள்ளை நான்,
பதினெட்டு வயதில் சுவரொட்டியில் என் படம்.
நீயோ என் முகத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.
கண் பொய் சொல்லும், தோள் பொய் சொல்லும்,
தலையாட்டலின் பொய்க்கோ அளவே இல்லை.
இடுப்பு மட்டும் போகிற இடத்துக்கே போகும்.
அங்கே வைத்தாய் பார்வையை.

பகலில் பேருந்தில் கண்டக்டர் நீ.
எங்கள் மொழியில் கண்டக்டருக்குக் காவல்காரன் என்றே பெயர்.
உட்கார்ந்த இடத்திலிருந்து,
யார் எந்த நிறுத்தத்தில் இறங்குவார் என்று
அவர் எழுமுன்பே அறிந்த கண்.

எனக்கு வலப்பக்கம்தான் வீடு.
நீ அதைப் பூட்டினாய்.
இரண்டு குளிர்காலம், ஆளில்லாத மைதானத்தில்
இடக்கையால் மட்டும் பந்து தட்டினேன்.
இடக்கையால் பல் தேய்த்தேன், சாவி திருகினேன்,
சூப் குடித்தேன், சட்டையெல்லாம் கறை.
பிறகு நாளேடுகள் எழுதின, எல்பியோவின் இடக்கை என்று.
யார் வாங்கித் தந்தது என்று எவரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

அந்த அரையிறுதி.
ஒன்பது நொடி மிச்சம், உங்களுக்கு ஒரு புள்ளி முன்னிலை.
இடப்பக்கம் பாய்ந்தேன்.
அங்கே நீ ஏற்கெனவே நின்றிருந்தாய்,
பாதம் இரண்டும் ஊன்றி, கைகளை மார்பில் கட்டி,
மோதலை வாங்கிக்கொள்ள.
விழுந்தோம். விசில்.
கூரையில் மழை பேசிக்கொண்டே இருந்தது.
நடுவர் எச்சார்ட் உன் எண்ணைக் காட்டினார்: ஐந்தாவது தவறு.
அரங்கம் அவருடைய தாயாரை உரக்க நினைவுகூர்ந்தது.
நீ வாதாடவில்லை.
அவிழ்ந்த ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு
பெஞ்சுக்குப் போய்த் துண்டுக்குள் தலையை மறைத்தாய்.

நீ நகரவில்லை, வில்மார்.
எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.
கிடைத்த இரண்டு தனி வீச்சையும் தவறவிட்டேன்.
வேண்டுமென்றேவா என்று மனைவி இன்றும் கேட்கிறாள்.
இல்லை. கை நடுங்கியது, அவ்வளவுதான்.
அன்றைய ஆட்டத்தாளில் உன் பெயருக்கு நேரே
புள்ளி சுழியம், தவறு ஐந்து.
வென்றது நீங்கள்.

போன செவ்வாய், சேர்ரோ போகும் பேருந்தில் ஏறினேன்.
முடி போய்விட்டது எனக்கு, தொப்பை வந்துவிட்டது.
நீ சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாய்,
சீட்டைக் கிழித்து நீட்டினாய், நிமிரவில்லை.
வலப்பக்கம் ஓர் இருக்கை காலியாக இருந்தது.
அதை நோக்கி நான் திரும்புமுன்
உன் முழங்கால், தன்போக்கில்,
ஒரு விரற்கடை வெளியே நகர்ந்தது.

இறங்கும்வரை
இடப்பக்கமே நின்றுகொண்டு போனேன்.