எடையும் தூரமும்

பூம்பாறைக்கு மேலே, பைன் காடு முடிகிற மேட்டில்
முள்வேலி போட்ட நாற்பது சென்ட்.
கேட்டில் ஆணையத்தின் பலகை, மூன்று மொழியில்.
காட்டெருமை முதுகு சொறிந்து சொறிந்து
இப்போது இரண்டரை மொழி.

உள்ளே இரண்டு கம்பம், ஒரு ஜெனரேட்டர்,
இருபத்துநாலு பேட்டரி,
அப்புறம் நான்.

சென்னையில், ஏசி அறையில், ஒருவர்
“முன்னூற்று முப்பதிலேயே இரு” என்கிறார்.
அந்தச் சொல் கேபிள் வழியே மலையேறி
என் கம்பத்து நுனியில் ஒரு கணம் நின்று
விமானத்துக்குத் தாவுகிறது.
விமானி பதில் சொல்கிறார். அதுவும் என் வழியாகத்தான்.
நான் பேசக் கூடாது. என்னிடம் மைக்கே கிடையாது.
சொல் நல்லபடியாய்ப் போய்ச் சேர்ந்ததா என்று
காது கொடுப்பதற்குச் சம்பளம்.

தை மாதம், உறைபனி.
மின்சாரம் போனால் ஊரே இருட்டு,
என் கம்பத்துச் சிவப்பு விளக்கைத் தவிர.
அதைப் பார்த்துத்தான் வேலாத்தாள் வந்தாள்,
செத்துப்போன செல்போனோடு.
வெளியாட்கள் வரக் கூடாது என்று பலகை சொல்கிறது,
எருமை விட்டுவைத்த பாதியில்.
கேட்டைத் திறந்தேன்.

ஸ்பீக்கரில் ஒரு குரல் தன் எண்ணைச் சொல்லிக் கடந்தது.
“இது எங்க போகுது?”
மஸ்கட்டிலிருந்து சிங்கப்பூர்.
“நம்ம நாட்டுல எறங்காதா?”
இறங்காது.
“அப்ப சும்மா போகுதா?”
இல்லை, பில் போகும். எடைக்கும் தூரத்துக்கும் கணக்கு.
“பூண்டு மூட்டைக்கு லாரிக்காரன் போடுறாப்புல.”
அதேதான் என்றேன்.

கொஞ்ச நேரம் குளிர் காய்ந்தாள், பேட்டரி அறைச் சுவரில் கை வைத்து.
“என் காட்டுக்கு மேல எத்தனை நேரம் பறக்கும்?”
அவள் காடு அகலம் எண்பது மீட்டர். போன வருஷம் நான்தான் அளந்தேன்,
அவளுடைய பூண்டுக் கொட்டகை
கம்பத்தை மறைக்கும் என்று கடிதம் வந்தபோது.
இரண்டடி குறைக்கச் சொன்னார்கள். குறைத்தாள்.
அந்தப் போகத்தில் பாதிப் பூண்டுக்குப் புகை ஏறவில்லை.

கணக்குப் போட்டுச் சொன்னேன்:
ஒரு நொடியை மூணாய்ப் பிரித்தால் அதில் ஒரு பங்கு.
“அந்தப் பங்குக்கு எனக்கு என்ன?”
ஆகாயம் பட்டாவில் வராது என்றேன்.
“என் கொட்டகையோட ரெண்டடி மட்டும் வந்துச்சே.”

அப்போது ஜெனரேட்டர் இருமியது.
பச்சை விளக்கு அணைந்தது. ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை.
பேட்டரிக்கு மாறியிருக்க வேண்டும், மாறவில்லை.
மாற்றுப் பெட்டியின் நெம்பைப் பிடித்து
உடம்பு முழுவதையும் போட்டு இழுத்தேன்.
பச்சை.
“சென்னை, சென்னை, கேட்கிறதா?”
“கேட்கிறது. முன்னூற்று முப்பதிலேயே இரு.”
இரண்டு பேருமே அவசரமே இல்லாத குரலில்.

வேலாத்தாள் சொன்னாள்:
“எங்க வேலப்பர் தேருக்கு முன்னால ஒரு வடம், பின்னால ஒரு வடம்.
சரிவுல இழுக்கிறவன் பெரிசில்ல,
பின்னால பிடிக்கிறவன் கைய விட்டாத்தான் தெரியும்.”
எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பதில் சொல்லவில்லை.

எங்கள் பதிவேட்டில் ஊர் நேரம் கிடையாது.
பூம்பாறையில் இரவு எட்டு நாற்பது,
ஏட்டில் 15:10.
முதன்மைக் கருவி நின்றது. மாற்று இயங்கியது.
இடைவெளி நான்கு நொடி.
பணியில்: செ. அமலதாஸ்.
செல்போன் அறுபது சதவீதம் ஏறியதை எழுதவில்லை.

தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து
எழுத்துக் கூட்டிப் படித்தாள்.
“நாலு நொடியா?”
விரல் மடக்கினாள்.
“அப்ப பன்னெண்டு காடு தூரம்
அவன் யாருமில்லாமப் போயிருக்கான்.”

சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டு
டார்ச் இல்லாமலே இறங்கினாள்,
சிவப்பு வெளிச்சம் எட்டுகிற வரைக்கும் தெரிந்தாள்.